கை கால் முடங்கினால் கை கொடுப்பவர் யார்?

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குடும்ப நலக் கூட்டம் என்றதும், "பிள்ளை போதும்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றி அல்ல. குடும்ப நலம் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் அல்லவே. உழைக்கிற கை ஒன்று விழுந்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? நடக்க வேண்டிய வயதில் குழந்தை நடக்கவில்லை என்றால் தாய் தகப்பன் என்ன செய்வது? பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு விட்டுப் போய், வெளியே சொல்லவும் கூச்சப்பட்டு, ஒரு பெண் எத்தனை வருஷம் பொறுத்துக் கொள்வாள்? இவையும் குடும்ப நலம்தான்.

இந்த மூன்றுக்கும் உதவக்கூடிய வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பிசியோதெரபி. தமிழில் இயன்முறை சிகிச்சை என்கிறோம். அந்த வைத்தியத்தை உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிற உதவியாளர் யார், அவரை எங்கே தேடுவது, அவர் என்ன செய்வார், என்ன செய்யக் கூடாது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

இது என்ன வைத்தியம்?

பிசியோதெரபி என்றால் எண்ணெய் போட்டு உருவி விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அல்ல. கை கால் மூட்டுகளை அசைத்தும், தசைகளுக்கு வேலை கொடுத்தும், உட்கார, எழுந்திருக்க, நடக்க மறுபடி பழக்கியும் உடம்பைத் தேற்றுவதே பிசியோதெரபி.

கிணற்றடியில் உள்ள ராட்டினத்தை நாலு மாதம் சுற்றாமல் விட்டால் என்ன ஆகிறது? துரு ஏறி இறுகிப் போகிறது. மூட்டும் அப்படித்தான். அசையாமல் கிடந்தால் இறுகும். தசை மெலியும். படுத்தே கிடந்தால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் இறுகிய தோளை இளக்காது. அதற்கு அசைவுதான் மருந்து. அந்த மருந்தை மாதத்துக்கு ஒரு வேளை கொடுத்தால் போதாது, தினம் கொடுக்க வேண்டும். இங்கேதான் உதவியாளர் வருகிறார்.

மூன்று பேர் சேர்ந்த வேலை

வயலுக்கு என்ன உரம், எவ்வளவு, எப்போது என்று வேளாண்மை அதிகாரி சொல்லுகிறார். ஆனால் அவர் தினமும் வந்து தண்ணீர் பாய்ச்சுவதில்லை. பிசியோதெரபியும் அதே மாதிரி மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை.

முதலாமவர் பிசியோதெரபிஸ்ட். இவர் நாலு ஆண்டுக்கு மேல் கல்லூரியில் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, பி.பி.டி. என்ற பட்டம் வாங்கியவர். நோயாளியைச் சோதித்து, எந்தத் தசை பலவீனம், எந்த மூட்டு இறுகியது, எது ஆபத்து என்று பார்த்து, பயிற்சித் திட்டம் வகுப்பவர் இவரே.

இரண்டாமவர் உதவியாளர். தெரபிஸ்ட் வகுத்த திட்டத்தின்படி நோயாளிக்குப் பயிற்சி செய்விக்கவும், தாங்கிப் பிடிக்கவும், முன்னேற்றத்தைக் குறித்து வைக்கவும், சரியில்லை என்றால் தெரபிஸ்டுக்குச் சொல்லவும் இவர் வேண்டும். அமெரிக்காவில் இந்த உதவியாளர் வேலைக்கென்றே இரண்டு ஆண்டுப் படிப்பு 1967-இல் தொடங்கியது. நம் நாட்டில் இந்த வேலையைப் பல பெயரில் பல பேர் செய்கிறார்கள். அதனால்தான் ஜனங்களுக்குக் குழப்பம்.

மூன்றாமவர் நீங்கள். புருஷனுக்கு மனைவி, மனைவிக்குப் புருஷன், பிள்ளைக்குத் தாய் தகப்பன். தெரபிஸ்ட் வருவது என்றைக்கோ ஒரு நாள். உதவியாளர் வருவது சில நாள். ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பவர் நீங்கள்தான். ஆகவே தெரபிஸ்ட் வருகிற நாள் வைத்தியம் நடக்கிற நாள் மட்டும் அல்ல, உங்களுக்குப் பாடம் நடக்கிற நாளும் கூட. "அவர் வந்து செஞ்சிட்டுப் போயிட்டார், அடுத்த தடவை வரட்டும்" என்று இருந்துவிட்டால் பலன் கிடைக்காது.

சட்டமும் இந்த வேறுபாட்டைச் சொல்லுகிறது. 2021-இல் நாடாளுமன்றம் மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி தெரபிஸ்ட் போன்றவர்களுக்குப் பட்டப்படிப்பு குறைந்தது 3600 மணி நேரம் இருக்க வேண்டும். சிகிச்சைத் திட்டத்தை நிறைவேற்ற உதவுகிற தொழில்நுட்பப் பணியாளருக்கு குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும். முன்னவர் திட்டம் வகுப்பவர், பின்னவர் அதை நடத்தி வைப்பவர். இதை மனதில் வைத்துக் கொண்டால் போதும்.

உதவியாளர் செய்வதும் செய்யக் கூடாததும்

நல்ல உதவியாளர் சொல்லிக் கொடுத்தபடி கை காலை மெல்ல அசைத்து விடுவார். உட்காரவும் எழவும் நடக்கவும் கூட இருந்து பழக்குவார். வாக்கர், ஊன்றுகோல் பிடிக்கக் கற்றுத் தருவார். நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துவார். நேற்று எத்தனை தடவை, இன்று எத்தனை தடவை என்று நோட்டில் எழுதுவார்.

அவர் தாமாகவே நோய் இன்னதென்று சொல்லக் கூடாது. தெரபிஸ்டைக் கேட்காமல் பயிற்சியை மாற்றக் கூடாது. மாத்திரை கொடுக்கவோ நிறுத்தவோ கூடாது. கழுத்தையும் முதுகெலும்பையும் "சொடக்கு" எடுக்கக் கூடாது. நோயாளி வலியில் அலறும்போது "வலிச்சாத்தான் சரியாகும்" என்று பலமாக இழுக்கக் கூடாது. இப்படிச் செய்கிறவர் இருந்தால், "கொஞ்சம் நிறுத்துங்க தம்பி, தெரபிஸ்டைக் கேட்டுட்டு அப்புறம் செய்யலாம்" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்துவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம்

நாற்பத்தைந்து வயது விவசாயி ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். ரத்த அழுத்தம் இருக்கிறது, மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுகிறார். ஒரு நாள் காலை வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. இது பக்கவாதம். இந்த நேரத்தில் பிசியோதெரபி அல்ல, 108 ஆம்புலன்ஸ்தான் வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேன் பார்த்து, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மந்திரிக்கவும் புறா ரத்தம் தடவவும் போனால் அந்த நாலரை மணி நேரம் திரும்பி வராது.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து அவர் வீட்டுக்கு வருகிறார். வலது கை கால் வராது. அக்கம்பக்கம் வந்து பார்த்து, "இனி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. அது தவறு. பக்கவாதத்தில் தேறுவது பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் வேகமாக நடக்கும். அதன் பிறகும் தேற முடியும், ஆனால் மெதுவாக. "முதல்ல நல்லா ஓய்வு எடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அந்த மாதங்களை வீணாக்கக் கூடாது.

தெரபிஸ்ட் வந்து பார்த்துத் திட்டம் சொல்லுகிறார். உதவியாளர் பழக்குகிறார். அந்த வீட்டு அம்மாள் கேட்கிறார்:

"ஏன் தம்பி, கையைப் பிடிச்சுத் தூக்கித்தானே உட்கார வைக்கணும்?"

"வேண்டாம்க்கா. வராத கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. தோளைத் தாங்கற தசை இப்போ தளர்ந்து கிடக்கு. இழுத்தா தோள் மூட்டு நழுவும். அப்புறம் ராத்திரி எல்லாம் வலியிலே தூக்கம் இருக்காது. அக்குளிலே கை கொடுத்தும் தூக்க வேண்டாம். அண்ணனை நல்ல பக்கமா ஒருக்களிக்க வைங்க. காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்க. நல்ல கையை ஊன்றி அவரே எழும்பட்டும். நீங்க முதுகுக்குப் பின்னாடி கை கொடுத்தா போதும்."

இந்த ஒரு பாடம் தெரியாததால் எத்தனையோ பேருக்குத் தோள் கெட்டுப் போகிறது. ஆகவே இன்னும் சிலவற்றையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுத்திருக்கும்போதும் உட்காரும்போதும் வராத கைக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும், தொங்க விடக் கூடாது. சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். நடக்கப் பழக்கும்போது நீங்கள் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். தண்ணீர், கஞ்சி கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். விழுங்கும்போது இருமல் வந்தால், குரல் தண்ணீர் போட்ட மாதிரி கொழகொழத்தால், கொடுப்பதை நிறுத்தி டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பயிற்சியின்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலும், புதிதாகக் கை காலோ பேச்சோ விழுந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "உதவியாளர் நாளைக்கு வருவாரே, அவர்கிட்டே கேட்டுக்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. அவர் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட முயன்றால் சிந்தும். சிந்தட்டும். "நான் ஊட்டிடறேன்" என்று எல்லாவற்றையும் செய்து கொடுத்தால் அது அன்புதான், ஆனால் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போகும். முடிந்ததை அவரே செய்ய விட்டு, முடியாததற்கு மட்டும் கை கொடுங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. புருஷன் விழுந்தால் மனைவி தூக்குகிறாள், புரட்டுகிறாள், துணி மாற்றுகிறாள். மனைவி விழுந்தால்? பல வீட்டில் மாமியாரையோ, பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளையையோ பார்க்கச் சொல்லிவிட்டுப் புருஷன் வெளியே போய்விடுகிறான். இது நியாயம் அல்ல. உதவியாளர் வரும் நாளில் ஆண்களும் வீட்டில் இருந்து கற்றுக் கொள்ள வேண்டும். பார்த்துக் கொள்கிறவர் ஒருவராகவே இருந்தால் அவர் இடுப்பும் போய்விடும். பிறகு ஒரு வீட்டில் இரண்டு நோயாளி. தன் முதுகைக் காத்துக் கொண்டு எப்படித் தூக்குவது என்பதையும் உதவியாளரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். குனிந்து இழுக்காமல், முழங்காலை மடக்கி, நோயாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுவதுதான் முறை.

பெண்கள் சொல்லத் தயங்கும் விஷயம்

பிரசவமான பிறகு இருமினால், தும்மினால், நெல் மூட்டை தூக்கினால் சிறுநீர் கசிகிறது. சிலருக்கு அடி இறங்கின மாதிரி பாரமாக இருக்கிறது. "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொல்லி விடுகிறார்கள். இருக்கலாம், ஆனால் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இடுப்பின் அடித்தளத்தில் ஒரு தசை விரிப்பு இருக்கிறது. கர்ப்பப்பையையும் மூத்திரப் பையையும் தாங்குவது அது. பிரசவத்தில் தளர்ந்து போகும் அந்தத் தசையைப் பயிற்சியால் பலப்படுத்த முடியும்.

பயிற்சி எளிது. காற்று வெளியேறாமல் அடக்குவது போலவும், மூத்திரத்தை அடக்குவது போலவும் உள்ளே இறுக்குங்கள். ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். ஐந்து எண்ணும் வரை விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. மூத்திரம் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. பால் கொடுக்கும்போதும், அடுப்படியில் இருக்கும்போதும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம். பலன் ஒரு வாரத்தில் தெரியாது, மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் வயிற்றுக்கான பயிற்சியை மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்கிறோமா என்ற சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம், அந்த நர்சம்மாவிடம் கேளுங்கள். அவர் பெண் டாக்டரிடமோ பெண் தெரபிஸ்டிடமோ அனுப்பி வைப்பார். பெண் பணியாளர்தான் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. சதை வெளியே தெரிகிறது, ரத்தம் படுகிறது என்றால் பயிற்சி போதாது, டாக்டர் பார்த்தாக வேண்டும். புருஷன்மார்களே, பிரசவமான ஆறு வாரத்துக்குள் மனைவி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அதை வாங்கிக் கொள்ளுங்கள். அதுவும் வைத்தியம்தான்.

குழந்தைக்கு நேரம் பார்க்க வேண்டும்

முன்பெல்லாம் குழந்தைக்குக் கால் முடங்கியது என்றால் போலியோ என்போம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27-ஆம் தேதி நம் வட்டாரத்து நாடுகளுக்கு அதற்கான சான்றும் கிடைத்தது. சொட்டு மருந்து செய்த உபகாரம் அது. ஆனால் குறைமாதப் பிறப்பாலும், பிறந்தவுடன் அழாததாலும், கடுமையான மஞ்சள் காமாலையாலும் மூளை பாதித்து கை கால் விறைத்துப் போகும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள்.

நாலு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்கார வேண்டும். ஒன்றரை வயதுக்குள் தானாக நடக்க வேண்டும். இது தள்ளிப் போனால், அல்லது கை எப்போதும் மூடியே இருந்தால், தொடைகள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக் கொண்டால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்" என்று சமாதானம் சொல்லிக் கொள்ளாதீர்கள். உடனே காட்டுங்கள். இந்தப் பருவத்தில் மூளை வேகமாக வளர்கிறது, சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக் கொள்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது இங்கே நிஜமாகவே பொருந்தும்.

பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கும் குழந்தையும் அப்படித்தான். இக்னாசியோ பொன்சேட்டி என்ற டாக்டர் அமெரிக்காவில் வகுத்த முறைப்படி வாரம் ஒரு மாவுக்கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டு போடுவார்கள். பலருக்குக் குதிகால் தசைநாணில் சிறிய கீறல் ஒன்றும் போடுவார்கள். பாதம் நேராகிவிடும். ஆனால் அதன் பிறகு முதல் மூன்று மாதம் ஏறக்குறைய முழு நேரமும், பிறகு நாலு வயசு வரை தூங்கும்போதும் தனிப் பூட்ஸ் போட வேண்டும். இங்கேதான் பல பெற்றோர் விட்டு விடுகிறார்கள். குழந்தை அழுகிறது என்று கழற்றி வைத்தால் பாதம் மறுபடி வளையும். பூட்ஸை எப்படி மாட்டுவது, தோல் சிவந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவதும் உதவியாளர் வேலைதான். கேளுங்கள்.

இப்படிக் குழந்தை பிறந்தால் தாயைத் திட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. கிரகணத்தைப் பார்த்தாள், அதைச் சாப்பிட்டாள், இதைச் செய்தாள் என்று. இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை. திட்டுகிற நேரத்தில் குழந்தையைத் தூக்கிக் கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

எங்கே தேடுவது?

சரி, இந்தத் தெரபிஸ்டையும் உதவியாளரையும் எங்கே பிடிப்பது? தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரில் இருந்தே தொடங்கலாம்.

ஒன்று, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையை வீட்டில் கொடுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் இத்திட்டத்தைச் சேர்ந்தவர். படுத்த படுக்கையாக இருப்பவர் யார், பயிற்சி தேவைப்படுபவர் யார் என்று கண்டு சொல்லுவதும் அவர் வேலை. அவரிடம் பெயரைக் கொடுத்தால் வட்டாரத்தில் உள்ள தெரபிஸ்டும், நோயாளியைப் பராமரிக்கும் செவிலியரும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். ஆனால் ஒரு வட்டாரத்தில் எத்தனை கிராமம், எத்தனை நோயாளி! அவர்கள் தினமும் வர இயலாது. அதனால்தான் நீங்கள் கற்றுக் கொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன்.

இரண்டு, குழந்தைகளுக்கு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து சோதிக்கும் மருத்துவக் குழு உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் அது. பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள். அவர்கள் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் தெரபிஸ்டும் சிறப்பாசிரியர்களும் உண்டு. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பதும் உண்டு. தலைமையாசிரியரைக் கேட்டால் வழி சொல்லுவார்.

மூன்று, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. அதற்கும் மேல் தேவைப்படுவோருக்குச் சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால் பொருத்துவதும் அங்கே நடக்கும்.

நான்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டை, சக்கர நாற்காலி, காலுக்குப் பட்டை, ஊன்றுகோல் எல்லாம் இங்கே. சில ஊர்களில் "விழுதுகள்" என்ற பெயரில் சேவை மையங்களும் நடக்கின்றன. ஒன்றும் புரியவில்லை என்றால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வீட்டுக்கு ஒருவர் வந்தால் இந்த ஐந்தைக் கேளுங்கள். "நீங்க தெரபிஸ்டா, உதவியாளரா? திட்டம் வகுத்துக் கொடுத்தது யார்? எந்தப் பயிற்சி, எத்தனை தடவை? எது செய்யக் கூடாது? சந்தேகம் வந்தா யாருக்குப் போன் பண்ணணும்?" நல்ல பணியாளர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

ஏமாற வேண்டாம்

தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டியவர் எல்லாம் தெரபிஸ்ட் அல்ல. "இருபது சிட்டிங்கில் பக்கவாதம் முழுசாகக் குணம்" என்று உறுதி சொல்லி முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். கரண்ட் வைக்கும் மெஷினை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டாம். நடை பழகுவதற்கு ஈடாக ஒரு மெஷினும் நிற்காது. எலும்பு முறிந்து கட்டுப் போட்டபின் விரல் வீங்கிக் கறுத்தால், மரத்துப் போனால், யார் போட்ட கட்டாக இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காத்திருந்தால் கையே போய்விடும்.

மனம் விடக் கூடாது

வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. அவர் வீட்டில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு வைத்தியம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அவர் கால்கள் கடைசி வரை நடக்கவில்லை. ஆனாலும் எத்தனை பேரை அவர் நடக்க வைத்தார்!

ஆகவே எல்லோரும் பழையபடி ஓடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் ஊன்றுகோலோடு தோட்டம் வரை போவார். ஒருவர் தானே எழுந்து கக்கூஸுக்குப் போவார். ஒரு குழந்தை சாய்ந்து உட்கார்ந்து தன் கையால் சாப்பிடும். வெளியில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்த வீட்டில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லுவார்.

இன்றைக்குக் கூட்டம் முடிந்து போகும்போது உங்கள் தெருவில் யார் வீட்டில் படுத்திருக்கிறார்கள், எந்தக் குழந்தை நடக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயரைத் தன்னார்வலரிடமோ நர்சம்மாவிடமோ சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே இருந்தால் நாளைக் காலையிலேயே சொல்லுங்கள். உதவியாளர் வரும் நாளில் புருஷன், மனைவி இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து பாருங்கள். கேளுங்கள், அவர் முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள். அவர் போனபிறகு செய்ய வேண்டிய வைத்தியர்கள் நீங்கள் இருவரும்தான்.